ஒரு லிட்டர் போதுமா மேடம்?

போன செவ்வாய்க்கிழமை காலை. திண்டுக்கல்லில் நான் வழக்கமாக மயக்க மருந்து கொடுக்கப் போகும் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. மேஜையில் கன்னிவாடிப் பக்கத்துப் பாண்டியம்மாள். சம்பங்கி விவசாயம், பித்தப்பையில் கல். நன்றாகத் தூங்கிவிட்டார். மெஷினில் ஓடும் வாயுவை நிமிடத்துக்கு நான்கு லிட்டரிலிருந்து ஒரு லிட்டராகக் குறைத்துவிட்டு, கேஸ் ஷீட் எழுதக் குனிந்தேன்.

நிமிர்ந்து பார்த்தால்... நான்கு லிட்டர்!

நான்தான் மறந்துவிட்டேனோ? மறுபடி குறைத்தேன். செத்த நேரத்தில் மறுபடி நான்கு. மூன்றாவது முறை ஆளைக் கையும் களவுமாகப் பிடித்தேன். ஆரோக்கியமேரி! என் வயதுதான். பல வருடமாக ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன்.

“இங்க டாக்டர் நீயா, நானா?”

சர்ஜன், நர்ஸ்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மேரியை ஒருநாளும் ‘நீ’ என்றவளில்லை நான். மாஸ்க்குக்கு மேலே அவர் கண்கள் கலங்கியிருந்தன.

எதற்காகக் குறைக்கிறோம்? மயக்கத்தில் இருப்பவர் வெளியே விடும் மூச்சிலும் மருந்து மிச்சமிருக்கும். அதிலுள்ள கரியமில வாயுவை மெஷினில் இருக்கும் சுண்ணாம்பு மணிகள் உறிஞ்சிவிடும். மீதியைத் திரும்ப அவருக்கே கொடுக்கலாம். புதிதாகக் கொஞ்சம் வாயு சேர்த்தால் போதும். மூச்சு வெதுவெதுப்பாக, ஈரமாக இருக்கும். மருந்தும் வீணாக வெளியே போய்க் காற்றைக் கெடுக்காது. நல்ல விஷயம்தானே? பிறகு ஏன் இந்தப் பிடிவாதம்?

பாண்டியம்மாள் கண் விழித்து, “முடிஞ்சிருச்சா?” என்று கேட்ட பிறகு, உடை மாற்றும் அறையில் மேரியைப் பிடித்தேன்.

“ஒரு லிட்டர் போதுமா மேடம், அம்புட்டு பெரிய ஆளுக்கு?” என்றார். கொஞ்சம் நிறுத்தி, “நா மொதல்ல வேல பாத்த எடத்துல பழைய மெஷினு. உள்ள போற ஆக்சிஜன் எம்புட்டுன்னு காட்டுற ஸ்கிரீன் இல்ல. வெரல்ல மாட்டுற கிளிப்பும் இல்ல. ஒருநா டாக்டரு வாயுவ இதே மாதிரி கொறச்சாரு. படுத்திருந்தவருக்கு ஒதடு நீலமாப் போச்சு மேடம். நாந்தான் மொதல்ல பாத்தேன்.”

“அப்புறம்?”

“பிழைச்சுட்டாரு. ஆனா ரெண்டு நாளு கண்ணு முழிக்கல. அவரு சம்சாரம் எங்கையப் பிடிச்சுக்கிட்டு, ‘என்னக்கா ஆச்சு’ன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. கொறச்சப்பவே எனக்கு மனசுக்குச் சரியாப் படல. டாக்டருகிட்ட எப்புடிச் சொல்றதுன்னு வாய மூடிக்கிட்டு நின்னேன். அன்னைலேருந்து... கை தானாப் போகுது மேடம்.”

அதே மூச்சு சுற்றிச் சுற்றி வரும்போது அதில் ஆக்சிஜன் குறைந்துகொண்டே போகலாம்; அதைக் காட்டாத அந்த மெஷினில் குறைத்தது தப்பு. மேரி பயந்தது சரி. இன்று நான் தைரியமாகக் குறைப்பது, கண்ணெதிரே ஸ்கிரீன் இருப்பதால். அதை இத்தனை நாளில் ஒருமுறையாவது மேரி பக்கம் திருப்பிக் காட்டியிருக்கிறேனா? இல்லை.

மறுநாள் காட்டினேன்.

“பேஷண்ட் இழுக்கிற காத்துல நூத்துக்கு எத்தனை பங்கு ஆக்சிஜன்னு இந்த நம்பர்தான் காட்டும். முப்பதுக்குக் கீழ போக விடக்கூடாது. இறங்க ஆரம்பிச்சா சத்தமாச் சொல்லுங்க. நான் கவனிக்கலேன்னா நீங்களே கூட்டிருங்க. என்னையக் கேக்க வேணாம்.”

“நெசமாவா மேடம்?”

“நிஜமாத்தான்.”

வியாழக்கிழமை, நத்தத்துக்காரர் ஒருவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். பாதியில் நான் சர்ஜனோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தேன்.

“மேடம், முப்பத்திரெண்டு!”

தியேட்டர் முழுக்கக் கேட்கும் குரல். மேரியிடமிருந்து அப்படியொரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. ஆக்சிஜனைக் கூட்டினேன். நம்பர் ஏறியது. அவ்வளவுதான்... வேறு ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் தொழிலில் ஒன்றும் நடக்காத நாள்தான் நல்ல நாள்.

அன்று மாலை உடை மாற்றும் அறையில் மேரியிடம் மன்னிப்புக் கேட்டேன். “அட, விடுங்க மேடம்” என்று சிரித்துவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பினார். இதையெல்லாம் எழுதலாமா என்றும் கேட்டேன். “எழுதுங்க, எம்பேரையும் போடுங்க” என்றார்.

திட்டியது எல்லோர் முன்னாலும். மன்னிப்புக் கேட்டது மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு. அது நியாயமில்லையே... அதனால்தான் இந்த வாரம் இதைப் படிக்கும் உங்கள் எல்லோர் முன்னாலும் கேட்கிறேன்: மன்னிச்சுருங்க மேரி.