திரைக்குப் பின்னால் காட்டிய ஜடை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஏற்காட்டில் ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த நாட்களில் நடந்தது இது. கடைவீதியில் எங்களுக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. காப்பித்தூள், மிளகு, கிராம்பு, தைலம், இவற்றோடு நான் வீட்டில் காய்ச்சும் கூந்தல் எண்ணெய். மற்றதெல்லாம் பக்கத்துக் கடைகளிலும் கிடைக்கும். எண்ணெய் என்றால் எங்கள் கடைதான் என்று ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரால் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது, மறைப்பானேன்.

உண்மையில் எண்ணெயை விற்றது என் ஜடைதான். கடைக்குப் பின்னால் சாமான் வைக்கும் அறையை ஒரு துணித்திரை போட்டு மறைத்திருப்போம். நாங்கள் முஸ்லிம் குடும்பம். வெளியே நான் முக்காடு இல்லாமல் இருப்பதில்லை. அதனால், வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற பெண்களை மட்டும் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய், முக்காட்டை விலக்கி, ஜடையை எடுத்து முன்னால் போடுவேன். தொடை வரை தொங்கும். அதற்குமேல் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. உள்ளே வந்தவர் கையில் பாட்டிலோடுதான் வெளியே போவார். என் கணவர் அந்தத் திரையைக் காட்டி, அதுதான் என்னுடைய ஆபீஸ் என்று கிண்டல் செய்வார்.

அந்த வருடம் ஆடி மாதத்தில் முடி கொட்ட ஆரம்பித்தது. முதலில் சீப்பில், பிறகு தலையணையில், துடைப்பத்தில், ஒருநாள் மகளின் டிபன் பாக்ஸில். எங்கள் வீட்டுப் பெண்கள் உதிர்ந்த முடியைக் கண்ட இடத்தில் போட மாட்டோம். சுருட்டி ஒரு பையில் சேர்த்து வைத்து, கொல்லையில் குழி தோண்டிப் புதைப்போம். முன்பெல்லாம் அந்தப் பை நிறைய இரண்டு மூன்று மாதமாகும். இப்போது பத்து நாளில் நிறைந்தது. வகிடு அகலமாகிக்கொண்டே போனது. காலையில் குளித்ததும், உதிர்ந்த முடியை ஒவ்வொன்றாகக் குளியலறைச் சுவரில் ஒட்டி எண்ணுவேன். எண்பதுக்குள் நின்றால் அன்றைக்கு மனசு லேசாக இருக்கும். நூறைத் தாண்டினால் பிள்ளைகளுக்குத் திட்டு விழும். பாவம், எதற்குத் திட்டு வாங்குகிறோம் என்றே அவர்களுக்குத் தெரியாது.

கண்ணேறுதான் என்று மாமியார் முடிவு கட்டிவிட்டார். ஊரில் உள்ள பெண்களுக்கெல்லாம் பிரித்துக் காட்டினால் முடி எப்படி நிற்கும் என்று கேட்டார். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். பள்ளிவாசலில் தண்ணீர் ஓதி வாங்கி வந்து கொடுத்தார். நானும் அதை முழுசாக நம்பினேன். நம்புவதற்கு வசதியாக இருந்தது. கண் பட்டது என்றால் முடி அவ்வளவு அழகாக இருந்தது என்றுதானே அர்த்தம்!

அதே சமயத்தில் மகளின் பள்ளியில் பெற்றோருக்கு மருத்துவ முகாம் நடந்தது. அங்கே வந்த நர்ஸ் என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், நகத்தை அழுத்திப் பார்த்தார். ரத்தம் குறைவாக இருக்கும் போலிருக்கிறது, மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று கேட்டார். மலையில் யாருக்குத்தான் மூச்சு வாங்காது என்று சொல்லிச் சிரித்தேன். ரத்தப் பரிசோதனைக்கு அவர் எழுதிக் கொடுத்த சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்தேன். போகவில்லை. எங்களுடையது சின்ன ஊர். எண்ணெய்க்காரிக்கே முடி கொட்டுகிறதாம், ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிறாளாம் என்று பேச்சு கிளம்பிவிட்டால் கடை என்னாவது என்று பயந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகாதவள் சேலத்துக்குப் பஸ் ஏறிப் போய் ஒரு சவுரி வாங்கி வந்தேன். என் முடியின் நிறத்துக்குப் பொருத்தமாகத் தேடித் தேடி எடுத்தேன். எங்கள் மார்க்கத்தில் ஒட்டுமுடி கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் வைத்துக்கொண்டேன். திரைக்குப் பின்னால் அதைத்தான் காட்டினேன். எண்ணெயும் முன்போலவே விற்றது.

அப்படிக் காட்டி நான் ஏமாற்றியவர்களில் ஓர் அம்மா இருந்தார். சேர்வராயன் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு கிராமம் அவருக்கு. காப்பியும் மிளகும் போட்டிருந்தார்கள். ஒரே மகள். சேலத்தில் ஹாஸ்டலில் தங்கிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முடி கொட்டுகிறது என்று மாதம் ஒரு பாட்டில் வாங்கிப் போவார். இரண்டு பாட்டில் தீர்ந்தும் ஒன்றும் தெரியவில்லை.

மூன்றாவது தடவை மகளையும் கூட்டி வந்தார். மழைக்கு நடுவில் கொஞ்சம் வெறித்திருந்த ஒரு மத்தியானம். கடையில் சுற்றுலா வந்தவர்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள்.

"ஏனுங்க பாயம்மா, இந்தப் புள்ளைக்கு உங்க முடிய ஒருக்கா காட்டுங்க. பாத்தாலாச்சும் அதுக்கு நம்பிக்கை வரட்டும்" என்றார்.

திரைக்குப் பின்னால் போனோம். காட்டினேன். அந்தப் பெண் ஜடையைக் கையில் வாங்கிப் பார்த்தாள். எனக்கும் இப்படி வருமா அக்கா என்று கேட்டாள். வரும் கண்ணு என்றேன். அவள் விரல் சில்லென்று என் கையில் பட்டது. உதட்டில் ரத்தமே இல்லை.

அவள் அம்மா பக்கத்தில் நின்று மகளைச் சீண்டிக்கொண்டிருந்தார். "காலேஜு போனதும் மலையேறவே மறந்துபோச்சுங்க. பஸ்ஸ உட்டு எறங்கி ஊட்டுக்கு வர்றதுக்குள்ள நாலு எடத்துல உக்காந்துக்குது. நெஞ்சு படபடங்குதாம்."

எனக்கு அந்த நர்ஸ் கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். வெளியே யாரோ மிளகு என்ன விலை என்று கேட்டார்கள். சொன்னால் எதையெல்லாம் சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். இன்னும் இரண்டு மாதம் விடாமல் தேய்க்கச் சொல்லிப் பாட்டிலைக் கொடுத்தேன். இருவரும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு என்னால் ஒரு வேலையும் செய்ய முடியவில்லை. மிளகு கேட்டவருக்குக் கிராம்பை நிறுத்தேன். வரும் கண்ணு என்று நான் சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு மாதம் கழித்தும் அந்த அம்மா என்னை நம்பிக்கொண்டு வருவார். அதற்குள் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகுமோ தெரியாது. எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். கணவரிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பஸ் நிற்கும் இடம் எங்கள் கடையிலிருந்து அதிக தூரமில்லை. ஆனால் ஏற்றம். தூறலில் வேகமாக நடந்தேன். பாதி வழியிலேயே மூச்சு முட்டி, ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. நல்ல வேளை, பஸ் இன்னும் எடுக்கவில்லை. ஏறி அவர்கள் முன்னால் போய் நின்றபோது என்னால் பேசவே முடியவில்லை. அந்த அம்மா பயந்துபோய், எதையாவது கடையில் மறந்து வைத்துவிட்டோமா என்று கேட்டார்.

பஸ்ஸில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். முக்காட்டை எடுக்க முடியாது. அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்து முக்காட்டுக்குள் விட்டு என் பிடரியில் வைத்தேன். அவள் விரல் மெதுவாகத் தடவிக்கொண்டே வந்து, சவுரியின் முடிச்சில் நின்றது. பிறகு அதற்கு மேலே போனது. அங்கே இருந்தது எலிவால் போல ஒரு கொத்து முடிதான். அவளுக்குப் புரிந்துவிட்டது. கையை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, இது சவுரி."

அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்பார்த்த மாதிரி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்ப எங்களுக்கு எதுக்குங்க குடுத்தீங்க?" என்றார்.

சொல்ல வந்ததை மட்டும் சொன்னேன். எனக்கும் முடி கொட்டுகிறது, எனக்கும் இப்படித்தான் மூச்சு வாங்குகிறது, நர்ஸ் பார்த்துவிட்டு ரத்தம் குறைவாக இருக்கும் என்றார், உங்கள் மகளுக்கும் உடனே பரிசோதனை செய்யுங்கள், எண்ணெயை நம்பி இன்னொரு மாதம் தள்ளாதீர்கள். பர்ஸிலிருந்த சீட்டையும் எடுத்துக் காட்டினேன். கண்டக்டர் விசில் கொடுத்தார். இறங்கிவிட்டேன். பஸ் திரும்பும்போது அந்த அம்மா என் பக்கம் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். சவுரி விஷயம் அவருக்கு முதல் நாளே தெரியுமாம். நானாகச் சொல்வேன் என்று காத்திருந்தாராம். நீ எப்போது பரிசோதனைக்குப் போகிறாய் என்று கேட்டார். நாளைக்கு என்றேன். சவுரியை அன்றே எடுத்து எறிந்தேன். திரைக்குப் பின்னால் யாரையும் கூட்டிப்போவதை நிறுத்தினேன். எண்ணெய் கேட்டு வந்தவர்களிடம், தேய்த்தால் தலை குளிர்ச்சியாக இருக்கும், முடி மினுக்கும், வளருமா என்று எனக்குத் தெரியாது என்றேன். சிலர் வாங்கினார்கள், சிலர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பரிசோதனைக்கு மட்டும் போகவில்லை. ஊர் பேசுமே என்பது இப்போது காரணமில்லை. இனிமேல் முடி வளராது என்று டாக்டர் சொல்லிவிடுவாரோ என்று பயம். அதைக் காதால் கேட்காத வரைக்கும் நல்லது என்று நாளைக் கடத்தினேன். அந்தப் பெண் என்ன ஆனாளோ என்கிற கவலை வேறு. அவர்கள் ஊர் பஸ் வரும் நேரமெல்லாம் தெருவைப் பார்ப்பேன்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். மழை விட்டு வெயில் அடித்த ஒரு காலையில் அந்த அம்மா தனியாக வந்தார். நான் எழுந்து நின்றேன்.

அவர் நின்றபடியே சொன்னார். அந்த வாரமே மகளைச் சேலத்தில் காட்டியிருக்கிறார்கள். ரத்தம் மிகவும் குறைந்திருந்ததாம். ஆஸ்பத்திரியில் சேர்த்து ரத்தம் ஏற்றினார்களாம். மாதவிலக்கில் அதிகமாகப் போவதை அந்தப் பெண் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் இதயத்துக்கே சிரமமாகியிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். இப்போது எங்கும் உட்காராமல் வீடு வரை ஏறி வருகிறாளாம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னித்துவிடுங்கள் அக்கா என்றேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை.

"நீங்க போனீங்களா?" என்று கேட்டார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அன்னைக்கு பஸ்ஸுல உங்க மேல நொம்பக் கோவமுங்க எனக்கு. ஆனா நீங்களும் எம் புள்ளையாட்டமேதான் மூச்சு வாங்குனீங்க, பாத்தனுங்க. எந்திரிங்க, போலாம்."

கணவர் என் இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும் ஏற்றத்தில், நான் கேட்காமலே அந்த அம்மா இரண்டு இடத்தில் நின்று நின்று நடந்தார். பரிசோதனைக்காகச் சட்டைக் கையை மேலே ஏற்றியபோது என் முக்காடு நழுவி விழுந்தது. எதிரே ஆண்கள் வரிசை. ஒரு கை ரத்தம் எடுப்பவரிடம் இருந்தது. நான் தடுமாறுவதற்குள் அந்த அம்மா குறுக்கே வந்து நின்று, முக்காட்டை எடுத்து என் தலையில் போட்டு, காதோரம் செருகிவிட்டார். என் மெலிந்த முடி யார் கண்ணிலும் படவில்லை.

எனக்கும் ரத்தம் குறைவுதான். டாக்டர் மாத்திரை எழுதினார், கீரையும் முட்டையும் சாப்பிடச் சொன்னார். நான் முடியை எண்ணுவதைச் சொன்னதும், தினமும் கொஞ்சம் உதிர்வது எல்லோருக்கும் இருப்பதுதான், முதலில் எண்ணுவதை நிறுத்துங்கள் என்று சிரித்தார். ரத்தம் கூடினால் அதிகமாகக் கொட்டுவது மெல்ல மெல்லக் குறையும் என்றார். இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு. இதற்காகவா மாதக்கணக்கில் பயந்து செத்தேன்!

முடிவு வரும் வரை அந்த அம்மா என்னோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் ஊர் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் சாயந்திரம்தான். சாப்பிட வீட்டுக்குக் கூப்பிட்டேன். வந்தார், சாப்பிட்டார். மாத்திரையை விடாமல் போட வேண்டும் என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

இப்போது என் முடி கொட்டுவது குறைந்திருக்கிறது. மெலிந்த நுனியை வெட்டியது போக, தோளுக்குக் கீழே ஒரு சாண் இருக்கிறது. பழைய ஜடை திரும்பி வராவிட்டாலும் போகிறது. யாராவது கடைக்கு வந்து முடி கொட்டுகிறது என்று சொன்னால், எண்ணெயை எடுப்பதற்கு முன்னால் அவர் முகத்தைப் பார்க்கிறேன், மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று கேட்கிறேன். நான் ஏமாற்றிய ஒருவர்தான் வந்து என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அந்த வெட்கம் என்னை விட்டுப் போய்விடக் கூடாது என்றும் இருக்கிறது.