ஆறு வாரக் கட்டு

காக்ஸ் டவுனில் ஒரு பள்ளியில் இருபத்தாறு வருடம் நின்றுகொண்டே பாடம் நடத்தியவள் நான். கால் வீங்குவதும், கணுக்காலருகே தோல் கறுப்பதும் பழகிப்போயிருந்தன. இடது காலின் உள்பக்கம் சொறிந்த இடத்தில் சின்னதாய் ஒரு புண் வந்தது. பவுடர் போட்டு, புடவையால் மறைத்து நான்கு மாதம் ஓட்டினேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்ட அன்றுதான் டாக்டரிடம் போனேன்.

ஸ்கேன் எடுத்தார். ரத்தத்தை மேலே கொண்டுபோகும் குழாயில் வால்வுகள் பழுதாம். ரத்தம் காலிலேயே தேங்குகிறதாம். காலுக்கு வரும் ரத்த ஓட்டம் சரியாக இருப்பதை உறுதிசெய்தபின், பாதத்திலிருந்து முழங்கால்வரை இறுக்கிக் கட்டுப் போட்டார்கள். வாராவாரம் மாற்ற வேண்டும். "காலைத் தூக்கி வெச்சுக்குங்க" என்றார் டாக்டர்.

எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. லீவு போட்டுவிட்டு, மூன்று தலையணைமேல் காலை வைத்துப் படுத்தேன். ஆறு வாரம், கட்டு மாற்றப் போவதைத் தவிர வாசலைத் தாண்டவில்லை. கணவர் ஆபீஸ் போனபிறகு நானும் மின்விசிறியும்தான். கட்டுக்குள்ளே அரிக்கும், விரல் போகாது. ஆறாவது வாரம் ஒரு மதியம் கத்தரிக்கோலை எடுத்து மேலிருந்து கீழ்வரை வெட்டிவிட்டேன். காற்றுப் பட்டதும் அழுகை வந்தது, அவ்வளவு சுகம்.

மாலைக்குள் கால் வீங்கி, புண்ணிலிருந்து வடிந்த நீரில் போர்வை நனைந்தது.

"ஏம்மா இப்படிப் பண்ண?" என்றார் கணவர்.

"கட்டினது காலைத்தான். எனக்கு மூச்சு முட்டுதுங்க."

மறுநாள் ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் நர்ஸ் திட்டவில்லை. "மேடம், டெய்லி நடக்கறீங்கதானே?" என்றாள்.

"படுத்தேதான் இருக்கேன்."

"அய்யோ, யாரு சொன்னாங்க? உக்காந்தா கால் மேல. மத்தபடி ஸ்வல்ப ஸ்வல்பமா, கொஞ்சம் கொஞ்சமா நடக்கணும். ஆடுசதை வேலை செஞ்சாதான் ரத்தம் மேல ஏறும். ஒரே இடத்துல நிக்கறதுதான் கூடாது."

யார்மேல் கோபப்படுவதென்றே தெரியவில்லை. என்னைப் பூட்டிவைத்தது நானேதான். அன்று மாலையே கணவரின் கையைப் பிடித்து மாடி இறங்கி, தெருமுனைவரை நடந்தேன்.

புண் மூட மேலும் ஐந்து மாதமானது. இப்போது வகுப்பில் வரிசைகளுக்கிடையே நடந்தபடி பாடம் நடத்துகிறேன். தினமும் கட்டிலைவிட்டு இறங்குமுன் இறுக்கமான காலுறையை மாட்ட வேண்டும், ஆயுள் முழுக்க. முழங்கால்வரை இழுக்கப் பத்து நிமிடம் பிடிக்கிறது. சில நாள் பாதியில் நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பேன். பிறகு இழுப்பேன்.