பதினாலாம் வீட்டுப் பச்சைக் கட்டம்

எங்கள் மலையில் ரிங்லெட்டிலிருந்து கம்போங் ராஜா வரைக்கும் நான் ஏறாத கூரை குறைவு. மலை மறைத்து நின்ற தோட்டத்துக்கு, மூங்கில் கம்பத்தில் ஏரியல் கட்டி முதன்முதலில் படம் காட்டியவன் நான். டிஷ் வந்த காலத்தில், ஒரே டிஷ்ஷிலிருந்து லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகள் நாற்பதுக்கும் கேபிள் இழுத்தவன் நான். பைபர் வந்ததும், டிவி, போன், இன்டர்நெட் மூன்றையும் ஒரே ஒயரில் அந்த நாற்பது வீட்டுக்குள் கொண்டுபோனவனும் நான்தான். தானா ராத்தாவில் எனக்குச் சொந்தக் கடை இருக்கிறது. படிப்பு, தோட்டப் பள்ளியில் நாலாம் வகுப்பு. மீட்டரை வைத்துக்கொண்டு இன்ஜினியர்கள் அரை நாள் தேடிய கோளாறை, கனெக்டரைக் கழற்றி மோந்து பார்த்தே சொல்லியிருக்கிறேன். தண்ணீர் இறங்கிய கனெக்டருக்குத் தனி வாடை உண்டு.

தொழிலுக்கு வரும் பிள்ளைகள் இதைப் படிக்க வேண்டும். இனிமேல் டிவி என்பது பார்க்கும் சாமான் மட்டும் அல்ல. அது நம்மைக் கேட்கும், நாம் பதில் சொல்ல வேண்டும். அதில் நான் பட்டதைச் சொல்கிறேன்.

1. கேள்வி கேட்கும் டிவி

கோலாலம்பூர் கம்பெனி ஒன்று எங்கள் தேயிலைத் தோட்டத்தைச் சோதனைக்கு எடுத்தது. வீட்டுக்கு ஒரு பாக்ஸ், கலர் பட்டன் வைத்த ரிமோட். டிவியில் ஓடுவதெல்லாம் கைப்பேசி ஆப்பிலும் வரும். கிளினிக்குக்கு நேரம் கேட்கலாம், மளிகை லோரிக்குச் சாமான் சொல்லலாம். அதற்கெல்லாம் மேலாக, பெருமழை வந்தால் ஓடுகிற படத்தை நிறுத்திவிட்டுத் திரையில் ஒரு கேள்வி வரும்: எல்லாரும் வீட்டில் இருக்கிறீர்களா? பச்சைப் பட்டனை அமுக்கினால், ஆபீஸ் சுவரில் இருக்கும் பெரிய திரையில் அந்த வீட்டுக் கட்டம் பச்சையாகும். அமுக்காத வீடு சிவப்பு. மண் சரியும் மலையில் இது விளையாட்டு இல்லை.

கம்பெனி இன்ஜினியர் ஷாமினி கெட்டிக்காரப் பெண். ஆனால் ஒரு மாதமாக அவளால் நாற்பது பச்சையைப் பார்க்க முடியவில்லை. ரிமோட்டைக் காணோம், கரண்ட் இல்லை, கை ஈரம் என்று மழை வரும்போதெல்லாம் நாலைந்து சிவப்பு. ஒவ்வொன்றுக்கும் தோட்ட ஆபீஸ் கணக்கர் கிராணி குடையைப் பிடித்துக்கொண்டு லயத்துக்கு ஓடினார்.

"இது டிவியா, எனக்கு வச்ச தண்டனையா?" என்று கத்தினார்.

மேனேஜர் துரை பாக்ஸையெல்லாம் கழற்றச் சொல்லிவிட்டார்.

நான்தான் காப்பாற்றினேன். "ஆப்புல பக்கத்து வீட்டுப் பேரையும் சேர்த்து வைம்மா. இவங்க அமுக்கலன்னா அவங்க அமுக்கட்டும்" என்றேன்.

"அது சரி வராது அங்கிள். ஆள் இல்லாமயே பச்சை வந்துடும்."

"லயத்த பத்தி எனக்குச் சொல்றியா? இங்க சட்டியில என்ன வேகுதுன்னு பக்கத்து வீட்டுக்குத் தெரியும்லா."

மூன்று நாள் சண்டை போட்டு வாங்கினேன். அடுத்த மழைக்கு நாற்பதும் பச்சை. துரை என் முதுகில் தட்டினார்.

2. அந்த மதியம்

மழையில் சிக்னல் பூஸ்டர் போய்விட்டது என்று கூப்பிட்டிருந்தார்கள். வேலை முடித்து ஆபீசுக்குள் நுழைகிறேன், மலை உறுமுவது போல ஒரு சத்தம். இரண்டாம் லயத்துக்குப் பின்னால், காய்கறிப் பாத்திகளின் மேல் மண் இறங்கிவிட்டது. ரிங்லெட் ரோட்டில் மரம் விழுந்ததால் பொம்பா, அதாவது தீயணைப்பு வண்டி, வரத் தாமதமாகும் என்று போன் வந்தது.

திரையில் கேள்வி போனது. ஒவ்வொரு கட்டமாக மாறிக் கடைசியில் நாற்பதும் பச்சை.

"அப்பாடா" என்று நாற்காலியில் சாய்ந்தார் கிராணி.

துரை உடனே உத்தரவு போட்டார். "எல்லாரையும் கோயில் மண்டபத்துக்கு ஏத்துங்க. ஒருத்தனும் சரிவுப் பக்கம் போகக் கூடாது. மறுபடியும் இறங்கும்."

சரியான உத்தரவு. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் என் கண் பதினாலாம் கட்டத்தில் நின்றுவிட்டது.

"பதினாலு எப்படிப் பச்சை?"

"அமுக்கியிருக்காங்க அங்கிள்" என்றாள் ஷாமினி.

"எதை அமுக்குனாங்க? பாக்ஸ் என் வேன்ல கெடக்கு!"

பதினாலாம் வீட்டில் லெட்சுமி தனியாக இருக்கிறாள், கொழுந்து பறிக்கிறவள். அவள் பாக்ஸுக்குள் எறும்பு புகுந்துவிட்டது என்று காலையில்தான் கழற்றி எடுத்துவந்தேன். நம்ப மாட்டார்கள் என்று வேனுக்கு ஓடிப் போய்க் கொண்டுவந்து கிராணி மேசையில் வைத்தேன். இரண்டு எறும்பு வெளியே வந்தது.

ஷாமினி ஆப்பைத் தட்டிப் பார்த்தாள். "பதினஞ்சாம் வீட்டுப் போன்லேர்ந்து வந்திருக்கு."

பதினைந்தில் இருப்பவள் பார்வதி. போன் போட்டேன்.

"லெட்சுமி எங்க?"

"வீட்டுலதாண்ணே இருப்பா."

"இருப்பாளா, இருக்காளா? பாத்தியா?"

"பாக்கல. அவ பாக்ஸுதான் உங்ககிட்ட இருக்கே, சிவப்பு வந்தா கிராணி ஏசுவாருன்னு நான் அமுக்கிட்டேன்."

கிராணி தலையில் கை வைத்தார். எனக்கு அந்தக் காலத்து ஆள் கணக்குப் பெரட்டு ஞாபகம் வந்தது. விடியற்காலையில் கிராணி பேர் வாசிப்பார். போர்வைக்குள் கிடக்கிறவனுக்காகக் கூட்டாளி ஒருத்தன் "இருக்கான்யா!" என்று குரல் கொடுப்பான். நானே கொடுத்திருக்கிறேன், எனக்கும் கொடுத்திருக்கிறார்கள். அதே ஆட்கள், அதே லயம். கையில் இருக்கிற சாமான்தான் வேறு.

"பதினாலுக்குப் போயி கதவத் தட்டு. போனை வைக்காத" என்றேன் பார்வதியிடம்.

மழைச் சத்தமும் அவள் மூச்சும் போனில் கேட்டன. கதவு தட்டும் சத்தம். பிறகு அழுகை. "கதவு சாத்தியிருக்குண்ணே, ஆளக் காணோம். கூடையும் இல்ல. பாத்தியில காய் பறிக்கப் போயிட்டா."

துரை ஜன்னல் வழியாகச் சரிவைப் பார்த்தார். அது இன்னும் வழிந்துகொண்டிருந்தது. "ஒருத்திக்காக அஞ்சு பேர அனுப்பி, மலை மறுபடியும் இறங்குச்சுன்னா?" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

"யாரையும் அனுப்ப வேணாம் தொர. நான் போறேன். கூட வர்றவன் வரட்டும்."

கேபிள் இழுக்கிற கயிற்றை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கூட வந்தவர்கள் நாலு பேர், அதில் கிராணியும் ஒருவர். சட்டை நனையக் கூடாது என்று குடை பிடிக்கிற மனுஷன்.

பாத்திக்கு மேல் இடுப்பளவு சேறு. லெட்சுமியின் தகரக் கொட்டகை சாய்ந்து கிடந்தது. கூப்பிட்டோம், சத்தம் இல்லை. மறுபடியும் கூப்பிட்டோம். தகரத்தை உள்ளிருந்து யாரோ தட்டினார்கள். மூன்று தட்டு.

லெட்சுமியின் கால் உத்திரத்துக்கு அடியில் மாட்டியிருந்தது. கயிறு கட்டி உத்திரத்தைத் தூக்கினோம். என்னைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: "பாக்ஸு சரியாயிடுச்சாண்ணே?"

"நீ மொதல்ல சரியாவு!" என்று கத்தினார் கிராணி.

அவளை மண்டபத்தில் கொண்டுபோய் வைத்துக் கொஞ்ச நேரம்தான் இருக்கும். சரிவு மறுபடியும் இறங்கியது. தகரம், பாத்தி எதுவும் மிஞ்சவில்லை.

3. யார் பெயர்

மறுநாள் ஷாமினியிடம் சொன்னேன்: "பட்டன் அமுக்குனாங்கன்னுதான் திரை சொல்லும். ஆள் இருக்காங்கன்னு சொல்லாது. பக்கத்து வீட்டுக்காக அமுக்குனா, அந்த ஆளோட குரலக் கேக்கணும். குரல் வந்தாத்தான் பச்சை. அதுவரைக்கும் மஞ்சள்."

அவள் அப்படியே செய்தாள். இன்றைக்கு அந்த மஞ்சள் கட்டம் வேறு தோட்டங்களுக்கும் போயிருக்கிறது. தானா ராத்தா ஹோட்டலில் கம்பெனி அதைப் படம் போட்டுக் காட்டியபோது நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மஞ்சள் கட்டத்துக்குக் கீழே 'களத்தில் கற்றது' என்று மட்டும் போட்டிருந்தார்கள். களத்துக்கு வாய் இருக்கிறதா? அதற்கு நாலாம் வகுப்பு மட்டுமே படித்த ஒருவன் இருக்கிறான், அவனுக்குப் பெயர் இருக்கிறது.

கம்பெனிக்கு இதைச் சொல்கிறேன். அந்த மஞ்சள் கட்டம் என் யோசனை, என் பெயரைப் போடுங்கள். பக்கத்து வீட்டுக்காக அமுக்கலாம் என்று மூன்று நாள் சண்டை போட்டதும் நான்தான். ஷாமினி வேண்டாம் என்றாள், நான் கேட்கவில்லை. லெட்சுமி இன்றைக்கும் இடது காலைச் சாய்த்துத்தான் நடக்கிறாள். அந்தப் படத்தில் அந்தத் தப்புக்கும் ஒரு வரி இருந்தது, அதிலும் யார் பெயரும் இல்லை. அதற்கும் என் பெயரையே போடுங்கள். இரண்டு இடத்திலும் வேண்டும். ஒன்றை மட்டும் போட்டால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.