பன்னிரண்டு மைலுக்கு அப்பால் கொட்டிய கோழி

கப்பலின் குளிர் அறைக் கதவைத் திறந்ததும் வாடை முகத்தில் அறைந்தது. கம்ப்ரஸர் நின்றுபோயிருந்தது, அலாரமும் அடிக்கவில்லை. கோழி, ஆட்டுக்கறி எல்லாம் பிளாஸ்டிக் கவருக்குள்ளேயே இளகி, நீர்விட்டுக் கிடந்தன.

உத்தமபாளையத்தில் கல்யாண வீடுகளுக்கு பிரியாணி போட்டுக்கொண்டிருந்த பாய் நான். உதவியாளாகப் பல கப்பல் ஏறி இறங்கி, சீஃப் குக்காக வந்த முதல் காண்ட்ராக்ட் அது. சாமான் கெட்டால் பழி சமையற்காரன் தலையில்தான் விழும். அடுத்த துறைமுகத்தில் மூட்டை கட்டச் சொல்லிவிடுவார்கள் என்று பயந்தேன்.

கப்பல் ஆப்பிரிக்கக் கரை ஒன்றின் அருகே நங்கூரம் போட்டு, துறைமுகத்தில் பெர்த், அதாவது கப்பல் கட்டும் இடம், கிடைக்கக் காத்திருந்தது. டெக் ஆட்களின் தலைவரான போசன் சின்னமாயன் தேவாரத்துக்காரர். மதம் பார்க்காமல் முறை வைத்துக் கூப்பிடும் எங்கள் பக்கத்து வழக்கப்படி எனக்கு அவர் மாமா, அவருக்கு நான் மாப்பிள்ளை. எட்டிப் பார்த்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"மாப்ள, யார்கிட்டயும் மூச்சு விடாத. நம்ம பயலுகள வச்சு அப்படியே கடல்ல தட்டிருவோம். கறி தீந்துபோச்சுன்னு சொல்லிக்க."

"கேப்டனுக்குத் தெரிஞ்சா?"

"அவுக இங்கன வந்து கோழியவா எண்ணப்போறாக?"

என்மேல் உள்ள பாசத்தில்தான் சொன்னார். ஆனால் கப்பல்களால் கடல் கெடக்கூடாது என்று நாடுகள் சேர்ந்து போட்ட ஒப்பந்தம் ஒன்று உண்டு. மார்போல் என்போம். உணவுக் கழிவை அரைக்காமல் கொட்டுவதென்றால் கரையிலிருந்து பன்னிரண்டு கடல் மைலாவது தாண்ட வேண்டும். பிளாஸ்டிக்கை எந்தக் கடலிலும் போடக்கூடாது. அடுப்பங்கரைச் சுவரிலேயே அந்த போர்டு உண்டு. உண்மையைச் சொன்னால், என்னைத் தடுத்தது போர்டு மட்டுமல்ல. எங்களைச் சுற்றிச் சின்னப் படகுகளில் அந்த ஊர்க்காரர்கள் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பிழைக்கும் தண்ணீரில் இதை எப்படிக் கொட்டுவது?

கேப்டன் கொச்சிக்காரர், கோபக்காரர் என்று பெயரெடுத்தவர். குமுளியில் பழகிய என் மலையாளம் அன்று கைகொடுக்கவில்லை. அவர் அறைக்குப் போய்த் தமிழிலேயே சொன்னேன்.

"சார், கறி பூராம் கெட்டுப்போச்சு. என்னைய வீட்டுக்கு அனுப்புறதுன்னா அனுப்பிருங்க. ஆனா இங்கன வச்சுக் கொட்ட மனசு வரல சார்."

அவர் மலையாளம் கலந்த தமிழில் கேட்டார்.

"கம்ப்ரஸர் கேடாயா பாய் என்ன செய்யும்? க்ளவுஸ் உண்டோ? எனக்கும் ஒண்ணு கொடு."

துறைமுகத்தாரிடம் ரேடியோவில் அனுமதி வாங்கி, நங்கூரத்தைத் தூக்கச் சொன்னார். எரிபொருள் வீண் என்று கம்பெனி கேட்டால் தானே பதில் சொல்லிக்கொள்வதாகவும் சொன்னார். கப்பலை அவருக்கு அடுத்த அதிகாரியான மேட் பார்த்துக்கொள்ள, பின்பக்க டெக்கில் எங்களோடு உட்கார்ந்து அழுகிய கோழியிலிருந்து கவரை உரித்தார். போசன் மாமா கோழிக்கு ஒரு வசவு விட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"ஏலே, இதுக்கு ஊர்லயே கோழிக்கடை வச்சிருக்கலாம்லடா!"

கேப்டன் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டோம். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது. கவர்களைக் கரையில் ஒப்படைக்க மூட்டை கட்டினோம். கறி மட்டும் பன்னிரண்டு மைல் தாண்டியபின் கடலுக்குள் போனது.

திரும்பி வந்து நங்கூரம் போட்டதும் அடுத்த கவலை: கறிக்கு எங்கே போவது? கேப்டன் சம்மதத்தோடு படகுக்காரர்களுக்கு அரிசியும் சோப்பும் கொடுத்து மீன் வாங்கினேன். வீட்டிலிருந்து கொண்டுபோன புளியைக் கரைத்துக் குழம்பு வைத்தேன். நன்றி சொல்லலாம் என்று கேப்டன் அருகில் போய் நின்றால், "மீன் இன்னும் உண்டோ?" என்று தட்டை நீட்டினார்.

கப்பல் வேலைக்குப் போகும் நம் பக்கத்துத் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். எது கெட்டாலும் மறைக்காமல் முதலில் மேலே போய்ச் சொல்லுங்கள். சட்டத்தை மதிக்கிற அதிகாரி உங்களையும் மதிப்பார்.

அதன் பிறகு நான் ஓய்வு பெறும்வரை, தன் கப்பலுக்கு இந்தக் குக்தான் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு என்னை அழைத்துக்கொண்டார் அந்தக் கேப்டன். என் பிள்ளைகள் படித்தது, நான் வீடு கட்டியது எல்லாம் அந்தச் சம்பளத்தில்தான். வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று நான் பயந்த மனிதர் அவர்.