நாற்பத்தொரு 'இந்த ஒரு தடவை'

எங்கள் கிரேன் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் 'முடியாதக்கா'. காற்றின் வேகத்தைப் பார்த்துவிட்டு "முடியாது" என்று சொல்வதற்கே சம்பளம் வாங்குகிறார் என்று கேலி பேசுவோம். அநியாயமான கேலி. பாலம் கட்டும் வேலையை எடுக்கலாமா என்று முதலாளியே கையைப் பிசைந்தபோது, "எடுங்க சார். கெடு தப்பினா பேர்தானே கெடும், திரும்பச் சம்பாதிச்சுக்கலாம்" என்றவர் அவர்தான்.

கம்பெனி எதில் துணியலாம், எதில் துணியக் கூடாது என்று எழுதிய ஒரு பக்கம் ஆபீஸ் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. புது வேலை, புது இயந்திரம், கால தாமதம் எல்லாவற்றிலும் துணியலாம். ஆள் உயிரில் துளியும் கூடாது. முதலாளியும் மூன்று டைரக்டர்களும் கையெழுத்துப் போட்டது. அதைப் படித்தவர் அக்கா ஒருவர்தான்.

எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் விலக்குச் சீட்டு. காற்று வரம்பை மீறினாலும் கிரேனை ஓட்டலாம் என்று மேனேஜர் எழுதிக் கொடுப்பார். காரணம் என்ற இடத்தில் எப்போதும் ஒரே வாசகம்: 'இந்த ஒரு தடவை மட்டும்'. ஒரே வருஷத்தில் நாற்பத்தொரு சீட்டு. அதில் ஒன்பதில் ஆபரேட்டர் கையெழுத்து என்னுடையது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அன்று காற்று வரம்பைத் தாண்டி வீசியது. இரும்பு உத்தரத்தைப் பிடித்துப் பொருத்த மேலே ஆறு பேர் நின்றார்கள். அதில் ஒருவன் என் மனைவியின் தம்பி. மேனேஜர் நாற்பத்திரண்டாவது சீட்டை நீட்டினார். அக்கா என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். கிரேன் சாவியை அவரிடம் கொடுத்தேன். நேரே டைரக்டர்கள் கூட்டத்துக்குள் நுழைந்தார். மேனேஜரும் நானும் பின்னாலேயே ஓடினோம்.

அக்கா பழைய சீட்டுகளை மேசையில் பரப்பினார்.

"என்னம்மா இது? இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலையே!" என்றார் முதலாளி.

"ஆகலை சார், நம்ம அதிர்ஷ்டம். சுவத்துல ஒண்ணை மாட்டிட்டு, சீட்டுல வேற ஒண்ணு செய்றோம். எது நெசம்?"

"ரொம்பப் பேசுறீங்க," என்றார் மேனேஜர். "நாளைக்கு வேலை வேணுமா, வேணாமா?"

அக்கா வீட்டில் அவர் ஒருவர் சம்பளம்தான். மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவர் அசரவில்லை.

"வேலையை எடுத்துக்கோங்க. அதுக்கு முன்னாடி அந்தச் சட்டத்தைக் கழட்டுங்க. 'துளியும் கூடாது'ங்கிறதை அடிச்சுட்டு, வருஷத்துக்கு எத்தனை பேர் விழுந்து சாகலாம்னு நம்பர் எழுதுங்க. நாலு பேரும் கையெழுத்துப் போடுங்க. சாவியைக் கொடுத்துடறேன்."

பேனாவின் மூடியைக் கழற்றி மேசை நடுவில் வைத்தார்.

நாலு பேரும் அதையே பார்த்தார்கள். எவர் கையும் நீளவில்லை. மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் யாரிடமும் கேட்கவில்லை. வெளியே போய், மேலிருந்தவர்களை இறங்கச் சொல்லிக் கத்தினேன்.

"என்ன மாமா, காத்து நின்னுடுச்சா?" என்று மனைவியின் தம்பி மேலிருந்து கேட்டான்.

"நிக்கலைடா. இறங்கு."