கல்லின் அடிப்பக்கத்து உப்பு

காலை பத்து மணி இருக்கும். கண் ஆஸ்பத்திரிக்குப் போவதற்காக வடசேரியில் திருவனந்தபுரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தேன். ரெத்தினபாய் டீச்சரின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. "சாரே, எங்க இருக்கிய?" என்ற குரலை எதிர்பார்த்து எடுத்தேன். பேசியவர் அவருடைய கணவர் தங்கராஜ் அண்ணன். "சாரே, ரெத்தினம் போயிட்டா" என்றார். செடிகளுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லையாம். பஸ் நகரத் தொடங்கியிருந்தது. கண்டக்டரிடம் சொல்லி இறங்கி, டீச்சரின் ஊரான சாமித்தோப்புக்குப் பஸ் நிற்கும் பக்கம் ஓடினேன்.

வீட்டு முற்றத்தில் கூடியிருந்த பழைய மாணவர்கள் ஒரே கதையைத்தான் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அச்சுக்குப் போகவிருந்த ஆய்வுக் கட்டுரையை, அதில் தன் தவறு ஒன்று இருப்பதாக எழுதி டீச்சர் தானே திரும்பப் பெற்ற கதை. அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மீதியை அறிந்தவன் இனி நான் ஒருவன்தான். அன்றும் வாய் திறக்காமல் நின்றேன். அவரை அறிந்த உங்களிடம் அதைச் சொல்லிவிடத்தான் இதை எழுதுகிறேன்.

நாகர்கோவிலில் ஒரே கல்லூரியில், நிலவியல் துறையில் நாங்கள் இருவரும் பல ஆண்டுகள் வேலை பார்த்தோம். அண்டார்டிகாவை மூடிக் கிடக்கும் பனிப்பாளம் முற்காலத்தில் இன்னும் தொலைவு வரை பரவியிருந்தது. அது எப்போது பின்வாங்கியது என்பதுதான் டீச்சரின் கேள்வி. பனி விலகும்போது, தான் சுமந்து வந்த கற்களையும் மண்ணையும் போட்டுவிட்டுப் போகும். பனிக்கு அடியில் இருக்கும் வரை அந்தக் கல்லில் விண்வெளிக் கதிர்கள் படுவதில்லை. வெளியே வந்த நாள் முதல் அவை பட்டுப்பட்டு, கல்லில் உள்ள குவார்ட்ஸ் மணிகளுக்குள் புதிய அணுக்கள் மிகச் சிறிய அளவில் சேர்ந்துகொண்டே போகும். அவற்றை அளந்தால் கல் வானம் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று கணக்கிடலாம். இதையே டீச்சர் வகுப்பில், "கல்லு என்னைக்கு வெயிலு கண்டுதுன்னு கல்லுகிட்டதான் கேக்கணும், பிள்ளியளே" என்று சொல்லி முடித்துவிடுவார்.

ஆய்வுக் குழுவோடு அண்டார்டிகாவுக்குப் போக அவருக்கு அனுமதி கிடைத்தபோது வயது ஐம்பதை நெருங்கியிருந்தது. கல்லின் மேல்முகத்திலிருந்து சில விரற்கடை கனத்துக்குச் சில்லுகள் வெட்டியெடுக்க வேண்டும். குழுவில் கொடுத்த உளிகள் அவருக்குத் திருப்தி தரவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு மயிலாடிக்குப் போனார். அங்கே ஒரு சிற்பக்கூடத்தில் இருந்த ஆசாரி, "எந்தக் கோயிலு வேலைக்கம்மா?" என்று கேட்டார்.

"கோயிலு இல்ல அண்ணாச்சி. அண்டார்டிகாவுக்காக்கும்."

"அங்க கல்லு கெடக்கா? ஐஸுல்லா கெடக்கும்?"

"ஐஸு போன எடத்துல கல்லு கெடக்கு."

ஆசாரி சிரித்தபடி உளிகளை உலையில் காய்ச்சித் தோய்த்துக் கொடுத்தார். டீச்சர் அதோடு விடவில்லை. ஒரு வாரம் தினமும் மாலையில் போய்க் கழிவுக் கல்லில் உளி பிடிக்கப் பழகினார். இடது கைப் பெருவிரல் நகம் கறுத்துப்போய்க் கல்லூரிக்கு வந்தார். கேட்டால், "சும்மா ஒரு அடிதான்" என்பார்.

நான் அண்டார்டிகாவுக்குப் போனதில்லை. அவர் கொண்டுவந்த சில்லுகளை நொறுக்கி, சலித்து, அமிலத்தில் கழுவி, தூய குவார்ட்ஸ் மணிகளைப் பிரித்தெடுப்பது என் வேலை. அளக்கும் இயந்திரம் வடக்கே இருந்தது. ஒரு பொட்டலம் அனுப்பினால் பதில் வர மாதக்கணக்கில் ஆகும்.

அந்தக் காத்திருப்பின்போது ஒரு நாள் மண்டைக்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில் டீச்சரைப் பேச அழைத்தார்கள்; நானும் கூடப் போனேன். பேச்சு முடிந்ததும் மீன் விற்கும் அம்மாள் ஒருவர் எழுந்து, "அங்க ஐஸு உருகுனா எங்க வீட்டுக்குள்ள கடலு வருமா டீச்சரே?" என்று கேட்டார். நானாக இருந்தால் ஏதாவது பூசி மெழுகியிருப்பேன். டீச்சர், "வரும். எப்பம் வரும், எவ்வளவு வெரசலா வரும்னு எனக்குத் தெரியாது. முன்ன ஐஸு எவ்வளவு வெரசலாப் போச்சுன்னு தெரிஞ்சா கொஞ்சம் சொல்லலாம். அதத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். தெரிஞ்சா முதல்ல உங்கிட்ட வந்து சொல்லுகேன்" என்றார். அந்த அம்மாளின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

முடிவுகள் வந்தன. ஒரு பள்ளத்தாக்கின் உள்கோடியில் கிடந்த கல் ஒன்று, எல்லோரும் நினைத்திருந்ததைவிட மிகவும் பிந்தித்தான் அங்கே பனி விலகியது என்று சொன்னது. அந்தக் கோடியில் எடுத்த சில்லுகளில் போதிய குவார்ட்ஸ் கிடைத்தது அந்த ஒரு கல்லில் மட்டும்தான். ஆனாலும் செய்தி புதியது. கட்டுரை எழுதினோம். நல்ல இதழ் ஒன்று ஏற்றுக்கொண்டது. அப்போது நான் பேராசிரியர் பதவி உயர்வுக்கு விண்ணப்பித்திருந்தேன். அந்தக் கட்டுரை வந்தால் பதவி ஏறக்குறைய உறுதி.

இதழுக்கு அனுப்பப் புகைப்படங்களைத் தயார் செய்வதும் என் பொறுப்புதான். அந்தக் கல்லின் படத்தில் மேல்விளிம்பை ஒட்டி ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்தது. பனித்துகள் என்று நினைத்தேன். ஆனால் சுற்றிக் கிடந்த கற்களில் துளிப் பனி இல்லை. அந்த ஓரத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தேன். உப்பு. அந்த வறண்ட குளிரில் கற்களின் அடிப்பக்கத்தில்தான் அப்படி உப்பு படியும். அப்படியென்றால் கல் எப்போதோ புரண்டிருக்கிறது. டீச்சர் உளி வைத்த முகம் நெடுங்காலம் மண்ணைப் பார்த்துக் கிடந்த முகம். அதனால்தான் காலம் குறைவாக வந்திருக்கிறது. எங்கள் புதிய செய்தி செய்தியே அல்ல.

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாளும் சொல்லவில்லை. டீச்சர் எதிரில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து எனக்குப் பாதி புட்டு எடுத்து வைப்பார். நான் சாப்பிடுவேன். இப்படி மூன்று வாரம் போயிற்று.

பிறகு ஒரு நாள் மதியம் அந்தப் படத்தோடு வந்தார். "சாரே, இந்த வெள்ளயப் பாத்தியளா?" என்று கேட்டார்.

"இல்லையே" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன மிக மோசமான ஒரு சொல் அது.

அவர் படத்தை என் மேஜைமேல் வைத்தார். பிறகு, "உப்பாக்கும். உப்பளத்துப் பக்கத்துல பொறந்து வளந்தவ நான். எனக்கே உப்பு தெரியாமப் போச்சு பாத்தியளா" என்று சிரித்தார். அன்று மாலையே இதழுக்குக் கடிதம் எழுதினார். களத்தில் கல்லைச் சரியாகக் கவனிக்காதது முழுக்கத் தன் தவறு என்றும், உடன் எழுதியவருக்கு இதில் பொறுப்பு இல்லை என்றும் அதில் இருந்தது. அந்த இரண்டாவது வாக்கியத்தை எடுத்துவிடச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

எனக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை. டீச்சர் மறுபடியும் அண்டார்டிகாவுக்குப் போகக் கேட்டார். மருத்துவச் சோதனையில் இரத்த அழுத்தத்தைக் காட்டி மறுத்துவிட்டார்கள். நாங்கள் இருவரும் ஓய்வு பெற்ற பிறகு, இளைய குழு ஒன்று அதே பள்ளத்தாக்குக்குப் போய், டீச்சர் தந்த வரைபடத்தைப் பார்த்து, புரளாத கற்களிலிருந்து சில்லெடுத்து வந்தது. எல்லோரும் முன்பே சொன்ன காலத்தில்தான் பனி அங்கிருந்து விலகியிருக்கிறது. சேதி வந்ததும் டீச்சர் போன் செய்தார். "நம்ம தேதி தப்புன்னு தெளிஞ்சாச்சு சாரே!" என்றார். பரீட்சையில் முதலிடம் வந்தவரின் குரல் அது. "வாங்க, பேச்சிப்பாறைக்கு ஒரு சுத்து போயிட்டு வரலாம்."

தங்கராஜ் அண்ணன் காரோட்ட, மூன்று பேரும் போனோம். அண்ணன் டீயும் பழம்பொரியும் வாங்கப் போயிருந்தபோது, அணையைப் பார்த்தபடி சொல்லிவிட்டேன். "டீச்சரே, அந்த உப்பை முதலில் பாத்தது நான்தான். தெரிஞ்சே சொல்லாம இருந்துட்டேன்."

"தெரியும்" என்றார்.

திரும்பி அவரைப் பார்த்தேன்.

"அந்த ஓரத்தப் பெருசாக்கின படம் லேப் கம்ப்யூட்டர்ல கெடந்துது. அடுத்த நாளே பாத்தேன். அதப் பாத்துதான் எனக்கே தெரியும். நீங்களே சொல்லுவியன்னு இருந்தேன். பேப்பரு அச்சுக்குப் போற நாளு நெருங்குன பெறவுதான் படத்தத் தூக்கிட்டு வந்தேன்."

"எம்மேல கோவம் வரலியா?"

"வராம? ரெண்டு நாளு புட்டு குடுக்கப்பிடாதுன்னுகூட நெனச்சேன்." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஆனா நீங்க அந்தப் படத்த அழிக்கல்லியே சாரே. மறைக்கணும்னா மொதல்ல அதல்லா அழிச்சிருப்பிய? எனக்காக விட்டு வச்சிருக்கியன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றார்.

தங்கராஜ் அண்ணன் டீயோடு வந்துவிட்டார். அதன்பிறகு ஒருபோதும் டீச்சர் அதைப் பற்றிப் பேசவில்லை.

அந்தப் படத்தை வேண்டுமென்றே விட்டு வைத்தேனா, அழிக்க மறந்தேனா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பெரும்பாலும் மறந்துதான் இருப்பேன். இரண்டில் நல்லதை டீச்சர் எனக்காகத் தேர்ந்துகொண்டார். கல் விஷயத்தில் தனக்குத் தோன்றியதை ஒருபோதும் நம்பாதவர், ஒவ்வொன்றையும் அளந்து பார்த்தவர், என்னை மட்டும் அளக்காமல் நம்பினார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த நம்பிக்கைதான். அதற்குத் தகுந்தவனாக நான் அன்று இருக்கவில்லை.