இடது கையால் கொடுத்த ஹெல்மெட்

சனிக்கிழமை மாலை ஐந்தே காலுக்கு எல்லாம் கெடத் தொடங்கியது. நியூ ஜெர்சிக்குத் திரும்பும் இரவு விமானத்துக்கு எப்போது கிளம்ப வேண்டும் என்று அப்போதுதான் கைக்கடிகாரத்தைப் பார்த்திருந்தேன். அதனால்தான் நேரம் மனதில் நின்றுவிட்டது. டெக்சாஸ் வெயிலில் மதியத்திலிருந்து உட்கார்ந்து சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது.

என் மகன் அங்கே ஒரு கல்லூரி அணியில் கிக்கர். பந்தை உதைத்தால் அவன் வேலை முடிந்தது, யார் மேலும் போய் விழ வேண்டியதில்லை. அந்த ஒரு காரணத்துக்காகத்தான் நான் அமெரிக்க ஃபுட்பாலுக்கே சம்மதித்தேன். அன்றைக்கு அவன் உதைத்த பந்தை வாங்கிக்கொண்டு எதிரணிக்காரன் ஒருவன் எல்லோரையும் தாண்டி ஓடி வந்துவிட்டான். குறுக்கே மிச்சம் இருந்தது என் மகன் மட்டும். விலகிப் போயிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டு நேராகப் போய் முட்டினான். ஹெல்மெட்டின் உச்சி மற்றவன் மார்பில் இடித்த சத்தம் எங்கள் வரிசைவரை கேட்டது. இரண்டு பேரும் விழுந்தார்கள், இரண்டு பேரும் எழுந்தார்கள். எனக்கு மூச்சு வருவதற்குள் நடுவர் குற்றம் என்று மஞ்சள் ஃபிளாக் துணியை வீசியிருந்தார்.

டார்கெட்டிங் என்றார்கள், ஹெல்மெட் உச்சியால் முட்டுவது. இந்தக் குற்றத்துக்கு அணி பதினைந்து கெஜம் இழப்பதோடு, செய்தவன் ஆட்டத்தை விட்டே வெளியேற வேண்டும். அதற்கு முன் மேலே ஓர் அறையில் வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து உறுதிசெய்வார்கள். பெரிய திரையில் நமக்கும் காட்டுவார்கள். அந்தச் சில நிமிடங்களுக்கு மைதானத்தில் இருக்கிற எல்லோரும் நீதிபதிகள்.

எங்களை அழைத்து வந்தவன் என்னோடு கல்லூரியில் படித்த நண்பன், நெடுங்காலமாக ஹூஸ்டன்வாசி. ஞாயிற்றுக்கிழமைகளில் அவனும் என் மனைவியும் போனில் முந்தின நாள் ஆட்டங்களை அலசுவார்கள். அவள் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருப்பவள். விதி என்று ஒன்று இருந்தால் அதில் ஓட்டை கண்டுபிடிக்காமல் விடமாட்டாள்.

"மார்லதானேண்ணே இடிச்சான்? தலைல படவே இல்லையே" என்றாள்.

"எங்க இடிச்சான்னு பாக்கமாட்டாங்கம்மா. எதால இடிச்சான்னு பாப்பாங்க. ஹெல்மெட் உச்சி பட்டாச்சு, அவ்வளவுதான்."

"டார்கெட்டிங்னா குறி வெக்கணும். இவனா குறி வெச்சான்? பந்தையே குறி வெச்சு உதைக்கத் தெரியாம போன வாரம் ரெண்டு மிஸ் பண்ணினவன்."

நண்பன் சிரித்துவிட்டான். பெயர்தான் அப்படி, வேண்டுமென்று செய்தானா என்று விதி கேட்பதே இல்லை என்றான். அப்படியானால் பெயரை மாற்றட்டும், என் பிள்ளையை நாடு முழுக்கக் குறி வைத்து அடித்தவன் என்று சொல்ல வேண்டாம் என்றாள் இவள். இந்த வாதம் எனக்குப் புதிதில்லை. மூன்று வருடமாக வேறு பிள்ளைகளை வைத்து இதையே பேசிக் கேட்டிருக்கிறேன். அன்றைக்குக் கேட்கவும் தெம்பில்லை.

"உன் பையன்னு பாக்காம யோசிம்மா," என்றான் நண்பன். "இதுக்கு ஃபிளாக் போடாம விட்டா எல்லாப் பசங்களும் தலையக் குனிஞ்சுக்கிட்டேதான் போய் முட்டுவாங்க. அடி வாங்குறவன விட அடிக்கிறவன் கழுத்துதான் முதல்ல போகும்."

திரையில் நாலாவது முறையாக அந்த மோதல் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. அதுவரை நானும் ஹெல்மெட்டைத்தான் பார்த்திருந்தேன். இந்த முறை ஹெல்மெட்டுக்குக் கீழே, தோளுக்குள் புதைந்து மடங்கிய கழுத்தைப் பார்த்தேன். உடனே திரையை விட்டுவிட்டு ஓரத்தில் நின்ற மகனைத் தேடினேன். இடது கையால் தாடைப் பட்டையை அவிழ்க்கத் திணறிக்கொண்டிருந்தான். வலது கை பக்கவாட்டில் தொங்கியது. அணி ஊழியர் ஒருவர் கையை நீட்டினார். இவன் ஹெல்மெட்டை இடது கையால் கொடுத்தான்.

சின்ன வயதில் அவனுக்கும் எங்களுக்கும் நடந்த பெரிய சண்டைகளில் இது ஒன்று. எதையும் இடது கையால் கொடுக்கக் கூடாது, வாங்கக் கூடாது. ஸ்கூலில் யாரும் இப்படிச் சொல்வதில்லையே என்று ஆங்கிலத்தில் வழக்காடுவான். கடைசியில் பழகிப்போனான். காரில் இருந்தபடியே சாப்பாடு வாங்கும் டிரைவ்-த்ரூவில், இடப்பக்க ஜன்னல் வழியே கார்டு கொடுக்கும்போதுகூட உடம்பைத் திருகி வலது கையை நீட்டுவான். பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

நடுவர் மைக்கில் தீர்ப்பை உறுதிசெய்தார். மைதானமே கத்தியது. ஓர் ஊழியரோடு மகன் சுரங்கவழிக்குள் நடந்து மறைந்தான். வெளியேற்றப்பட்டவனைக் கேமரா அப்புறம் காட்டாது. இரண்டாம் பாதியில் வெளியேற்றினால் அடுத்த ஆட்டத்தின் முதல் பாதியிலும் ஆட விடமாட்டார்கள், அதுவும் போச்சே என்று மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் வலது கையைத் தூக்கவே இல்லை என்றேன். கோபத்தில் இருப்பான், விடு என்றான் நண்பன். மனைவி நடுவர்களின் சீருடையைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்திருந்தாள்.

"ஹெல்மெட்ட லெஃப்ட் ஹேண்ட்ல குடுத்தான்" என்றேன்.

அவள் பாதிப் பேச்சில் பையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் படியிறங்கினாள்.

வீரர்களுக்கான வாசலில் வயதான காவலர் ஒருவர் இருந்தார். ஆட்டம் முடியும்வரை யாரையும் உள்ளே விட முடியாது என்றார். மருத்துவ ஆட்கள் எல்லாம் மைதானத்து ஓரத்தில்தான் இருப்பார்கள், உள்ளே அவனோடு போனவர் அணி அலுவலகத்துக்காரர் என்றார். கையைப் பற்றிச் சொன்னேன். நீங்கள் டாக்டரா என்று கேட்டார். இல்லை, அப்பா என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு ரேடியோவில் பேசினார். பதில் வரும், நில்லுங்கள் என்றார்.

நின்றோம். மகனின் போன் மணியடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்து ஓய்ந்தது. இன்றைக்கும் அலுவலகத்தில் யாராவது கழுத்தைச் சொடுக்கினால் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

நண்பனும் வந்து சேர்ந்தான். மனைவி தாழ்ந்த குரலில், ஸ்லோ மோஷனில் பார்த்தால் எல்லாமே டார்கெட்டிங் மாதிரிதான் தெரியும் என்றாள். ஆமாம்மா, அது ஒரு பிரச்சினைதான் என்றான் அவன். இருவர் குரலிலும் உயிர் இல்லை. எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. அந்தக் கேள்விக்காவது எங்கோ ஒரு விதிப்புத்தகத்தில் பதில் இருந்தது.

கடைசியில் கதவைத் திறந்துகொண்டு வந்தது ஓர் இளம்பெண். அணியின் காயங்களைக் கவனிக்கிறவள் என்று சட்டையில் எழுதியிருந்தது. கையுறைகளைக் கழற்றியபடியே, கையைப் பற்றிச் சொல்லி அனுப்பியது யார் என்று கேட்டாள். நான்தான் என்றேன். அவள் ஆங்கிலத்தில், அவசரப்படாமல் பேசினாள்.

"கை மரத்துப்போனதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது விரல்களை மடக்குகிறான், உணர்வு திரும்புகிறது. ஆனால் கழுத்தைப் படம் எடுத்துப் பார்க்காமல் அவனை எழுந்திருக்க விடமாட்டேன். பின்வாசலில் ஆம்புலன்ஸ் நிற்கிறது. உங்களில் ஒருவர் ஏறிக்கொள்ளலாம்."